சுங்கை சிப்புட்: யாருடைய தொகுதி?

நாட்டில் பொதுத்தேர்தல் வரும்போதெல்லாம் தமிழ் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறும் ஊர்ப்பெயர்களில் சுங்கை சிப்புட்டும் ஒன்று. ம.இ.கா.வின் கோட்டை என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். கோட்டை சரிந்தது என்று பிறகு எழுதினார்கள். கோட்டையை மீட்போம் என்று அதற்கடுத்த தேர்தல்களில் மேடையில் முழங்கினார்கள். எந்தத் தரப்பில் நின்று பேசினாலும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருந்தது: சுங்கை சிப்புட் இந்தியர்களின் தொகுதி.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை? 1955 முதல் 2022 வரை அங்கு நடந்ததை வரிசையாகப் பார்த்தால் விடை கிடைக்கும். அந்த விடை ஒரு தொகுதியோடு முடிவதில்லை. இந்நாட்டில் மக்கள்தொகையில் ஒரு சிறு பங்காக இருக்கும் நம் சமுதாயம் எப்படி ஒருவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்ப முடிகிறது, எப்போது முடியாமல் போகிறது என்ற கணக்கையும் அது காட்டிக்கொடுக்கிறது. வாக்களிக்கும் வயதை எட்டிவிட்ட பல்கலைக்கழக மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய கணக்கு அது.

ஊரும் மக்களும்

பேராக் மாநிலத்தின் கோலகங்சார் மாவட்டத்தில், ஈப்போவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சுங்கை சிப்புட் பட்டணம். பட்டணத்தைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. எல்பில், டோவன்பி, ஹேவூட் போன்ற தோட்டப் பெயர்கள் அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாகவும் நமக்குப் பழக்கமானவை. பட்டணத்துக்கு அப்பால் ஜாலோங், லாசா பக்கம் சீனர்கள் வாழும் புதுக்கிராமங்களும் மலாய்க் கம்பங்களும் உள்ளன. இன்னும் உள்ளே, மலையடிவாரத்தில் கோலா மூ, போஸ் பியா போன்ற இடங்களில் தெமியார் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள்.

இந்த அமைப்பு தானாக உருவானதன்று. 1948 ஜூன் 16ஆம் நாள் காலையில் எல்பில் தோட்ட நிர்வாகியும், அருகிலிருந்த இன்னொரு தோட்டத்தில் இரண்டு ஐரோப்பியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட இந்தச் சம்பவமே உடனடிக் காரணமாயிற்று. 1960 வரை நீடித்த அந்த 12 ஆண்டுகளில், காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த சீனக் குடும்பங்கள் வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குக் கொண்டுவரப்பட்டன. தோட்டப்புறத் தமிழர்கள் லயங்களிலேயே இருந்தார்கள். மலாய்க்காரர்கள் கம்பங்களில் இருந்தார்கள். ஆக, ஒரே தொகுதிக்குள் நான்கு சமூகங்கள் நான்கு விதமான குடியிருப்புகளில், ஒன்றை ஒன்று அதிகம் தொடாமல் வாழும் நிலை ஏற்பட்டது. பின்னாளில் ஒவ்வொரு வேட்பாளரும் இந்த நான்கு இடங்களிலும் தனித்தனியாகப் போய் வாக்குக் கேட்க வேண்டியிருந்தது இதனால்தான்.

நாடாளுமன்றத் தொகுதி எண் 62 எனப்படும் சுங்கை சிப்புட், லிந்தாங், ஜாலோங் என்ற இரண்டு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது. 2008ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டால், சீனர்கள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. மலாய்க்காரர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இந்தியர்கள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். எஞ்சியோர் பெரும்பாலும் பூர்வகுடியினர். இந்தியர் தொகுதி என்று நாம் அழைத்த இடத்தில் நாம் மூன்றாவது இடத்தில் இருந்தோம். மலேசியாவின் 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில்கூட இந்தியர்கள் பாதிக்கு மேல் இல்லை என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் அந்தப் பெயர் எப்படி வந்தது?

சம்பந்தன் காலம்: 1955 - 1974

வீ.தி. சம்பந்தன் 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அவர் தந்தை வீராசாமி அங்கேயே ரப்பர்த் தோட்டம் அமைத்தவர். கோலகங்சாரில் கிளிஃபோர்ட் பள்ளியிலும் பின்னர் தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்துவிட்டு ஊர் திரும்பிய சம்பந்தன், 1955இல் ம.இ.கா.வின் தேசியத் தலைவரானார். சுங்கை சிப்புட் பட்டணத்தில் இன்றும் இயங்கும் மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளி அவர் முயற்சியில் எழுந்தது. 1954இல் விஜயலட்சுமி பண்டிட் அதைத் திறந்து வைத்தார்.

1955 ஜூலையில் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அப்போது சுங்கை சிப்புட் என்ற பெயரில் தொகுதி இல்லை. அப்பகுதி வட கிந்தா தொகுதிக்குள் இருந்தது. அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. மூன்றும் சேர்ந்த கூட்டணி 52 இடங்களில் 51இல் வென்றது. அதில் ம.இ.கா.வுக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று வட கிந்தா, வென்றவர் சம்பந்தன்.

இந்த வெற்றியை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றைய தேர்தலில் நாடு முழுவதும் பதிவு பெற்ற வாக்காளர்களில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். இந்திய வாக்காளர்கள் ஐந்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. தோட்டங்களில் இலட்சக்கணக்கில் தமிழர்கள் வாழ்ந்தாலும், குடியுரிமை இல்லாததால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் வாக்குச்சாவடிப் பக்கம் போக முடியவில்லை. இந்திய வாக்குகளை மட்டும் நம்பியிருந்தால் அன்று எந்த இந்தியத் தலைவரும் எங்கும் வென்றிருக்க முடியாது. கூட்டணியின் சின்னத்துக்கு விழுந்த மற்ற இனத்தவரின் வாக்குகள்தாம் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பின. பின்னர் அரை நூற்றாண்டுக்கு நீடித்த ஏற்பாட்டின் வித்து அங்கேதான் விழுந்தது.

1959இல் சுங்கை சிப்புட் என்ற தனித் தொகுதி உருவானது. 1959, 1964, 1969 ஆகிய மூன்று தேர்தல்களிலும் சம்பந்தனே வென்றார். தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தேசிய ஒற்றுமை என்று பல அமைச்சுப் பொறுப்புகளை வகித்தார். ஆனால் தோட்ட மக்கள் அவரை நினைவில் வைத்திருப்பது அமைச்சர் பதவிகளுக்காக அன்று.

1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்று இலாபம் பார்த்தார்கள். தோட்டம் கைமாறியவுடன் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். தலைமுறைகளாக உழைத்தவர்கள் ஒரே நாளில் வீதிக்கு வந்தார்கள். இதற்குப் பதிலாகச் சம்பந்தன் முன்வைத்த யோசனைதான் 1960இல் அமைந்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி ஒரு பங்கு வாங்குவது, அந்தப் பணத்தில் தோட்டத்தையே வாங்குவது என்பது திட்டம். தோட்டம் தோட்டமாகப் போய் அவரே ஆள் சேர்த்தார். துண்டாடல் முழுவதுமாக நின்றுவிடவில்லை. என்றாலும் பால்மரத்தை வெட்டிய கைகளுக்கு அந்த மரத்தில் ஒரு பங்கும் இருக்கலாம் என்று காட்டிய முயற்சி அது.

1969க்குப் பிறகு நிலைமை மாறியது. மே 13 கலவரத்தை அடுத்து நாடாளுமன்றம் முடக்கப்பட்டது. குடியுரிமை பெறாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டதால் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போனார்கள். அவரவர் குடும்பத்தில் கேட்டால் அந்தக் காலத்தில் கப்பலேறிய ஒரு பெரியப்பாவோ சித்தியோ இருப்பார்கள். போனவர்கள் போக, எஞ்சியவர்களிலும் நீல அட்டை உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்கு. இந்திய வாக்குகளின் எண்ணிக்கை நம் தலைகளின் எண்ணிக்கையைவிட எப்போதும் குறைவாக இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கட்சிக்குள்ளும் தலைமைப் போட்டி முற்றியது. பிரதமர் துன் ரசாக் தலையிட்ட பின், 1973 ஜூனில் சம்பந்தன் தலைவர் பதவியை விட்டு விலகினார், வெ. மாணிக்கவாசகம் பொறுப்பேற்றார். 1974 தேர்தலில் சுங்கை சிப்புட்டில் புதியவர் ஒருவர் நிறுத்தப்பட்டார்.

சாமிவேலு காலம்: 1974 - 2008

அந்தப் புதியவர் ச. சாமிவேலு. ஜொகூரின் குளுவாங்கில் பிறந்தவர், வானொலியில் செய்தி வாசித்தவர், கட்டடக் கலைஞர். சுங்கை சிப்புட் அவர் பிறந்த ஊர் அன்று. ஆயினும் அந்த ஊரின் பெயரையும் அவர் பெயரையும் பிரிக்க முடியாதபடி 34 ஆண்டுகள் அவர் அங்கே உறுப்பினராக இருந்தார். 1974, 1978, 1982, 1986, 1990, 1995, 1999, 2004 என்று தொடர்ந்து எட்டு வெற்றிகள். 1979இல் மாணிக்கவாசகம் மறைந்தபின் ம.இ.கா.வின் தலைமைப் பொறுப்புக்கு வந்து 2010 வரை அதில் நீடித்தார். சம்பந்தனைப் போலவே அவரும் பொதுப்பணி அமைச்சை நீண்ட காலம் வகித்தார்.

எட்டு முறை எப்படி வெல்ல முடிந்தது? அவருடைய பேச்சாற்றலையும் செல்வாக்கையும் மட்டும் காரணமாகச் சொல்வோர் உண்டு. அவையும் காரணந்தான். ஆனால் அடிப்படையில் மூன்று ஏற்பாடுகள் அவருக்குத் துணை நின்றன.

முதலாவது, தேசிய முன்னணியின் வாக்குப் பரிமாற்றம். ம.இ.கா. வேட்பாளர் நிற்கும் இடத்தில் அம்னோ தன் ஆட்களைக் களத்தில் இறக்கும், ம.சீ.ச.வும் அவ்வாறே. தராசுச் சின்னம் கண்ட மலாய் வாக்காளர், வேட்பாளர் எந்த இனம் என்று பார்க்காமல் வாக்களித்தார். பதிலுக்கு நாடெங்கும் அம்னோ வேட்பாளர்களுக்கு இந்திய வாக்குகள் போய்ச் சேர்ந்தன. நெருக்கமான போட்டியில் அந்தச் சிறு பங்கு வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கக் கூடியது என்பதால் அம்னோவுக்கும் அது தேவைப்பட்டது.

இரண்டாவது, தோட்ட அமைப்பு. ஒரு தோட்டத்தில் ஒரு ம.இ.கா. கிளை இருக்கும். கிளைத் தலைவரைக் கண்டால் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை, பிள்ளைக்கு உபகாரச் சம்பளம், அடையாள அட்டைப் பிரச்சினை எல்லாவற்றுக்கும் வழி பிறக்கும். வாக்களிப்பு நாளில் லாரி வந்து நிற்கும். மக்கள் ஒரே இடத்தில் வாழ்ந்ததால் ஆதரவைத் திரட்டுவதும் எளிதாக இருந்தது.

மூன்றாவது, அமைச்சர் பதவி. சாலை, பாலம், மண்டபம், பள்ளிக் கட்டடம் என்று கேட்டதைக் கொண்டுவரக் கூடியவர் நம் தொகுதியில் இருக்கிறார் என்ற எண்ணம் எல்லா இனத்தவரிடமும் இருந்தது.

இந்த மூன்றும் மெல்ல மெல்லத் தளர்ந்தன. ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆட்கள் தேவையில்லை. தேவைப்பட்ட இடத்திலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். லயங்கள் காலியாயின. பிள்ளைகள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் வேலை தேடிப் போனார்கள். பட்டணத்தோரங்களில் மலிவு வீடுகளில் குடியேறிய குடும்பங்களுக்குக் கிளைத் தலைவரின் தயவு முன்போல் தேவைப்படவில்லை. தோட்டம் கலைந்தபோது தோட்டத்தை நம்பி நின்ற அரசியலும் கலையத் தொடங்கியது. ஆனால் தேர்தல் முடிவுகளில் அது தெரிவதற்கு நாளாயிற்று.

முதல் அறிகுறி 1999இல் தெரிந்தது. அன்வார் இப்ராஹிம் பதவி நீக்கப்பட்டதை அடுத்துச் சீர்திருத்த இயக்கம் எழுந்த காலம் அது. ஈப்போ மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜ், தோட்ட மக்களின் வீட்டுப் பிரச்சினைகளிலும் மாதச் சம்பளக் கோரிக்கையிலும் பல ஆண்டுகளாக உழைத்தவர். மலேசிய சோசலிசக் கட்சியைச் சேர்ந்தவர். அக்கட்சிக்கு அப்போது பதிவு கிடைக்கவில்லை. ஆகவே ஜ.செ.க. சின்னத்தில் நின்றார். சாமிவேலுவின் பெரும்பான்மை ஐயாயிரத்துச் சொச்சத்தில் நின்றது. 2004இல் ஜெயக்குமார் மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில் மறுபடியும் நின்றார். புதிய பிரதமர் அப்துல்லா படாவிக்கு ஆதரவாக நாடே திரண்ட தேர்தல் அது. பெரும்பான்மை பத்தாயிரத்தைத் தாண்டியது. கோட்டை முன்னைவிட உறுதியாகிவிட்டது போலத் தோன்றியது.

2008 மார்ச் 8

அடுத்த நான்கு ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். கோயில் உடைப்புகள் மனத்தைப் புண்படுத்தின. 2007 நவம்பர் 25ஆம் நாள் ஹிண்ட்ராஃப் அழைப்பை ஏற்றுப் பல்லாயிரம் இந்தியர்கள் கோலாலம்பூர் வீதிகளில் திரண்டார்கள். டிசம்பரில் அதன் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார்கள். தைப்பூசமும் பொங்கலும் கடந்து போனபின் தேர்தல் அறிவிக்கப்பட்டது.

2008 மார்ச் 8ஆம் நாள் வாக்களிப்பு. சாமிவேலுவுக்கு அன்று 72ஆவது பிறந்தநாள். மூன்றாவது முறையாக அவரை எதிர்த்து நின்ற ஜெயக்குமார் 16,458 வாக்குகள் பெற்றார். சாமிவேலு பெற்றவை 14,637. பெரும்பான்மை 1,821. 1959 முதல் 49 ஆண்டுகளாக ம.இ.கா. தன் கையில் வைத்திருந்த தொகுதி எதிர்க்கட்சிக்குப் போனது. நாடு முழுவதும் ஒன்பது இடங்களில் போட்டியிட்ட ம.இ.கா. மூன்றில் மட்டுமே வென்றது.

இந்தியர்கள் கோபப்பட்டார்கள், சாமிவேலு தோற்றார் என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். பாதி உண்மைதான் அது. ஐந்தில் ஒரு பங்கினர் மட்டும் கோபப்பட்டு ஒரு தொகுதியைக் கவிழ்த்துவிட முடியாது. அதே நாளில் ஜாலோங் சட்டமன்றத் தொகுதியை ஜ.செ.க. கைப்பற்றியது, லிந்தாங்கைத் தேசிய முன்னணி தக்கவைத்துக்கொண்டது. ஒரே நாளில், ஒரே வாக்காளர்களிடமிருந்து, ஒரு பாதியில் ஒரு முடிவு, மறு பாதியில் வேறு முடிவு. சீன வாக்குகள் பெருமளவில் எதிர்க்கட்சிப் பக்கம் நகர்ந்தன; அதோடு இந்திய வாக்குகளில் ஒரு கணிசமான பங்கும் சேர்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால்தான் முடிவு மாறியது. ஒன்று மட்டும் நடந்திருந்தால் மாறியிருக்காது என்பதற்கு 1999ஆம் ஆண்டு முடிவே சான்று.

1,821 என்ற எண்ணை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஜெயக்குமாருக்கு வாக்களித்தவர்களில் 911 பேர் மனம் மாறிச் சாமிவேலுவுக்கு வாக்களித்திருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். ஏறத்தாழ 47,000 வாக்காளர்கள் உள்ள தொகுதியில் 911 பேர்! வாக்காளராகப் பதிந்துகொள்ளாமல் விட்டவர்களும், பதிந்தும் ஊருக்குப் போக நேரமில்லை என்று விட்டவர்களும் அதைவிட எத்தனை மடங்கு இருந்திருப்பார்கள் என்று நாமே கணித்துக்கொள்ளலாம்.

கோட்டைக்குப் பின்

ஜெயக்குமாரின் காலம் பத்து ஆண்டுகள். 2011 ஜூலையில் அவரும் அவர் கட்சியினர் ஐவரும் 1969ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ ஒரு மாதம் தடுத்து வைக்கப்பட்டார்கள். அவசரகாலம் ஒன்றின் தொடக்கத்தைக் கண்ட ஊரின் உறுப்பினர், பிற்காலத்து அவசரகாலச் சட்டம் ஒன்றின் கீழ் கைதானது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று.

2013 தேர்தலில் ம.இ.கா., கேமரன் மலையில் இரண்டு தவணை உறுப்பினராக இருந்த எஸ்.கே. தேவமணியைச் சுங்கை சிப்புட்டில் நிறுத்தியது. ஜெயக்குமார் 2,793 வாக்குப் பெரும்பான்மையில் தொகுதியைத் தக்கவைத்தார். இரண்டு முறையும் அவர் நின்றது மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில்.

2018இல் இந்த ஏற்பாடு முறிந்தது. நம்பிக்கைக் கூட்டணியில் சோசலிசக் கட்சிக்கு இடமில்லை. ஜெயக்குமார் தம் சொந்தக் கட்சியின் சின்னத்தில் நின்றார். மக்கள் நீதிக் கட்சி எஸ். கேசவனை நிறுத்தியது, தேசிய முன்னணி தேவமணியையே மறுபடி நிறுத்தியது, பாஸ் கட்சியும் களமிறங்கியது. கேசவன் 20,817 வாக்குகள், தேவமணி 15,210, பெரும்பான்மை 5,607. பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்த ஜெயக்குமாருக்குக் கிடைத்தவை 1,505 வாக்குகள். வைப்புத்தொகையும் போயிற்று.

மருத்துவராகவும் உறுப்பினராகவும் அவருடைய உழைப்பைக் குறை சொன்னவர்கள் அரிது. ஆனால் அந்த ஆண்டு மக்கள் ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஓர் அரசாங்கத்தை மாற்ற வாக்களித்தார்கள். 1955இல் சம்பந்தனை வெல்ல வைத்தது எதுவோ, 2018இல் ஜெயக்குமாரைத் தோற்கடித்ததும் அதுவே: சின்னம். சிறுபான்மை வேட்பாளர் ஒருவர் தம் தனிப்பெயரை மட்டும் கொண்டு இந்த நாட்டில் வெல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

2022 நவம்பரில் ம.இ.கா.வின் தேசியத் தலைவர் எஸ்.ஏ. விக்னேஸ்வரனே நேரில் வந்து நின்றார். சம்பந்தன், சாமிவேலு ஆகியோருக்குப் பிறகு இத்தொகுதியில் நின்ற மூன்றாவது ம.இ.கா. தலைவர் அவர். பெரிக்காத்தான் நேஷனலும் வேட்பாளரை நிறுத்தியது; சுயேச்சைகளும் நின்றார்கள். கேசவன் 21,637 வாக்குகளும் விக்னேஸ்வரன் 19,791 வாக்குகளும் பெற்றார்கள். பெரும்பான்மை 1,846. சாமிவேலு தோற்றபோது இருந்த இடைவெளியோடு ஒப்பிட்டால் 25 வாக்குகளே வேறுபாடு.

எண்கள் ஒன்றுபோல் தெரிந்தாலும் இரண்டு தோல்விகளுக்கும் காரணம் வேறு. 2008இல் நடந்தது நேரடிப் போட்டி. வென்றவருக்குப் பாதிக்கு மேல் வாக்குகள் கிடைத்தன. 2018லும் 2022லும் வென்றவர் பாதிக்கும் குறைவான வாக்குகளிலேயே வென்றார். மலாய் வாக்குகள் அம்னோ, பாஸ், பெர்சத்து என்று பிரிந்தபின், தேசிய முன்னணியின் பழைய வாக்குப் பரிமாற்றம் ம.இ.கா.வுக்கு முன்போல் உதவவில்லை. 2022இல் நாடு முழுவதும் ம.இ.கா. வென்றது தாப்பா ஒன்றுதான். தேர்தல் முடிந்த சில நாள்களில் நம்பிக்கைக் கூட்டணியும் தேசிய முன்னணியும் ஒரே அரசாங்கத்தில் அமர்ந்தன. சுங்கை சிப்புட்டில் முதலிடம் பெற்றவரும் இரண்டாமிடம் பெற்றவரும் ஒரே அணிக்காரர்கள் ஆனார்கள்!

ஒரு பார்வையில்

1955 (வட கிந்தா) – வீ.தி. சம்பந்தன், கூட்டணி (ம.இ.கா.)
1959, 1964, 1969 – வீ.தி. சம்பந்தன், கூட்டணி (ம.இ.கா.)
1974, 1978, 1982, 1986, 1990, 1995, 1999, 2004 – ச. சாமிவேலு, தேசிய முன்னணி (ம.இ.கா.)
2008, 2013 – ஜெயக்குமார் தேவராஜ், மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில் (சோசலிசக் கட்சி)
2018, 2022 – எஸ். கேசவன், நம்பிக்கைக் கூட்டணி (மக்கள் நீதிக் கட்சி)

இந்தப் பட்டியலில் ஒன்று கண்ணில் படும். கட்சிகள் மாறின, கூட்டணிகள் மாறின, ஆனால் 1955 முதல் 2022 வரை வென்ற நால்வரும் இந்திய வம்சாவளியினர். இந்தியர்கள் பெரும்பான்மையாக இல்லாத ஓரிடத்தில் இது நடந்திருக்கிறது. ஏனெனில் ஒவ்வொரு கூட்டணியும் இது இந்தியருக்குரிய இடம் என்று ஏற்று இந்தியர் ஒருவரை நிறுத்துகிறது. மற்ற இனத்தவரும் அந்த ஏற்பாட்டை ஏற்று வாக்களிக்கிறார்கள். சட்டத்தில் எழுதப்படாத ஓர் உடன்பாடு இது. எழுதப்படாததால் எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடியதும்கூட. கேமரன் மலையை நினைத்துப் பாருங்கள். 2018இல் ம.இ.கா. அங்கு பெற்ற வெற்றி நீதிமன்றத்தால் ரத்தானது. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் தேசிய முன்னணி பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவரை நிறுத்தி வென்றது. அந்த மக்களுக்கு அது நியாயமான பெருமை. நமக்கோ, தொகுதி எவர்க்கும் சாசனமாக எழுதிக் கொடுக்கப்படுவதில்லை என்ற பாடம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

சுங்கை சிப்புட் யாருடைய தொகுதி? எண்ணிக்கையின்படி அது எந்த ஓர் இனத்தின் தொகுதியும் அன்று. அங்கே வெல்கிறவர் புதுக்கிராமத்துச் சீனரிடமும், கம்பத்து மலாய்க்காரரிடமும், கோலா மூ தெமியாரிடமும், தோட்டத்துத் தமிழரிடமும் வாக்குப் பெற்றாக வேண்டும். நம் குறைகளைச் சொல்ல நாடாளுமன்றத்தில் நம்மவர் வேண்டும் என்று விரும்புகிறோம். நியாயமான விருப்பம். ஆனால் அவர் நமக்கு மட்டும் உரியவராக இருந்தால் வெல்ல மாட்டார். மற்றவர்களுக்கு மட்டும் உரியவராகிவிட்டால் நமக்குப் பயன்பட மாட்டார். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கத் தெரிந்தவர்களே அங்கு நிலைத்திருக்கிறார்கள்.

நம் பங்கு சிறியது என்பதால் அது பயனற்றது என்றாகாது. மற்ற வாக்குகள் இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும் இடத்தில், ஒன்றிரண்டாயிரம் வாக்குகள் முடிவைத் தீர்மானிக்கின்றன. 2008லும் 2022லும் இதைக் கண்டோம். ஆனால் அந்த ஒன்றிரண்டாயிரம் பேர் வாக்களிக்க வந்தால்தான் இது பொருந்தும்.

இங்கேதான் மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் நீண்ட காலம் மாணவர்களை அரசியலிலிருந்து விலக்கி வைத்தது. நம் அண்ணன்மார், அக்காமார் பலர் தேர்தல் என்ற சொல்லையே வளாகத்தில் மெதுவாகச் சொல்ல வேண்டியிருந்தது. 2012இல் கட்சியில் சேரும் உரிமை கிடைத்தது. 2018 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் வளாகத்துக்குள்ளும் கதவைத் திறந்தது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் எல்லாரும் தாமாகவே வாக்காளர் ஆகிவிடுகிறார்கள். பதிவு செய்யவில்லை என்று காரணம் சொல்ல இனி வழியில்லை.

ஆனால் வாக்கு அடையாள அட்டையில் உள்ள முகவரியில் இருக்கிறது. நம்மில் பலருடைய முகவரி இன்னும் தோட்டத்து வீட்டில், அல்லது தோட்டம் இருந்த இடத்தில் இருக்கிறது. வாழ்க்கை கிள்ளானில், வாக்கு சுங்கை சிப்புட்டில் என்றிருப்போர் ஏராளம். முகவரியை மாற்றுவதா, வாக்களிப்பு நாளில் பேருந்து ஏறி ஊருக்குப் போவதா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். இரண்டையும் செய்யாமல் இருப்பதுதான் தவறு. வீட்டில் இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கும் பாட்டி தாத்தா யாரேனும் உண்டா என்று பார்ப்பதும், இருந்தால் பாரங்களை நிரப்பிக் கொடுத்துப் பதிவிலாகாவுக்கு உடன் செல்வதும் படித்த பிள்ளைகள் செய்யக்கூடிய காரியம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் உழைத்துவிட்டு ஒருமுறைகூட வாக்களிக்காமல் கண்மூடியவர்கள் நம்மிடையே பலர்.

கோட்டை என்ற சொல்லை நாம் மறந்துவிடலாம். கோட்டைக்குள் இருப்பவர்களுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பது தாமதமாகத்தான் தெரியவரும். சுங்கை சிப்புட்டில் அதுதான் நடந்தது. அடுத்த பொதுத்தேர்தலில் அங்கு யார் வெல்வார் என்று இப்போது சொல்ல முடியாது. எவர் வென்றாலும் இடைவெளி சில நூறு அல்லது சில ஆயிரம் வாக்குகளாகவே இருக்கக்கூடும். அந்தச் சில நூறில் நாம் இருக்கிறோமா என்பதே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.